ஊழும் பாண்டியனும்

செட்டிகுளத்தை அடுத்த சிறுவாச்சூரில், மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து மதுரகாளியானாள் என்று ஒரு வழக்கு உண்டு. என் அக்கறை அவள் எரித்த நகரத்தின் அரசன்மேல்.

சிலப்பதிகாரத்தைக் கிரேக்க அவல நாடகத்தோடு ஒப்பிடும்போது கோவலனை நாயகனாகக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தான் ஏன் வெட்டுண்டோம் என்பது அவனுக்கே தெரியாது. முற்பிறவியில் சிங்கபுரத்துப் பரதனாகச் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்வித்த கதையை மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம்தான் சொல்கிறது. அதுவும் பழி நடந்து முடிந்த பின்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஸோபாக்ளிஸ் படைத்த ஈடிபஸ், தன் குற்றத்தை இப்பிறவியிலேயே தானே விசாரித்து அறிகிறான். அறிதலே வீழ்ச்சி. சிலம்பில் அந்தப் பிரக்ஞை வாய்ப்பது நெடுஞ்செழியனுக்கு. பொற்கொல்லன் சொல்லை நம்பி விசாரியாமல் ஆணையிட்டவன், உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும் தானே கள்வன் என்று உணர்ந்து உயிர்விடுகிறான். அவன் ஆணையிட்டதை வினை பழுத்த வேளை என்கிறார் இளங்கோ. அவனோ வினையைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

காரணத்தை முற்பிறவிக்குத் தள்ளினால் ஆறுதல் கிடைக்கும், அவலம் கரைந்துவிடும். ஊழின் காவியம் என்று நாம் சொல்லிவரும் நூலில், ஊழுக்குப் பின்னால் ஒளிய மறுத்தவன் அந்த ஒருவன்.