பெருமண்ணில் முதலில் வந்த தோணிகள்

கொச்சியில் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு அது. அங்குள்ள ஹார்பர் டெர்மினஸ் ரயில் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு ஓடிய வண்டி என்பதால்தான் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்தது. பின்னாளில் வழித்தடம் மாறியும் பெயர் தங்கிவிட்டது. 1988 ஜூலை 8 அன்று நண்பகல் நேரத்தில் அந்த வண்டிதான் கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்தில் தடம்புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். ரயில் பெட்டி கவிழ்ந்தபின் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், கொச்சிக்காரர்களுக்கு அதைவிட நெருங்கிய சான்று இல்லை.

விபத்து நடந்ததும் கூட்டம் புத்தி தடுமாறும், அதிகாரிகள் வந்துதான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடந்தவை அப்படிச் சொல்லவில்லை. பெருமண்ணில் மூழ்கிய பெட்டிகளை முதலில் எட்டியவை அக்கம்பக்கத்துத் தோணிகள். 2023 ஜூன் 2 அன்று ஒடிஷாவின் பாலாசோர் அருகே பஹானகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்ட அந்த இரவில், தப்பியவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மற்றவர்களை வெளியே இழுத்தார்கள். ரத்தம் கொடுக்க இளைஞர்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றார்கள். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியபோது, பயணிகள் கல்யாண மண்டபங்களில் தங்க வைக்கப்பட்டு, மறுநாள் வேறு வண்டியில் ஊர் போனார்கள்.

பீதியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிரத்தின் பச்சோரா அருகே, தீப்பிடித்துவிட்டது என்ற வதந்தியை நம்பி புஷ்பக் எக்ஸ்பிரஸிலிருந்து பலர் அடுத்த தண்டவாளத்தில் இறங்கினார்கள். எதிரே வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதி 12 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஆனால் அங்கே மோதலுக்கு முன்பே பீதி வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன நடக்கிறதென்று அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கண்முன் இடிபாடு கிடந்த பாலாசோரில் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆபத்தைக் காட்டிலும் அதைப் பற்றிய அறியாமைதான் கூட்டத்தைக் குலைக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீட்பை மறிப்பதும் நடக்கிறது. அதை வைத்துக் கையில் துடுப்போடு வந்தவர்களை மறந்துவிட முடியாது.

தகவலுக்கான பசி முதல் நாளோடு தீர்வதுமில்லை. பெருமண் விபத்துக்குச் சுழற்காற்றே காரணம் என்று ரயில்வே விசாரணை முடிவு செய்தது. அன்று காயலில் தோணி விட்ட மனிதர்களால் அதை ஏற்க முடியவில்லை. காற்று எப்படி அடித்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? கரையோர நினைவுச் சின்னத்தின் முன் ஜூலை 8-ஆம் தேதிகளில் கூடும்போது அவர்கள் இன்னமும் அதைத்தான் கேட்கிறார்கள்.