எண்ணிக்கையா, இடைவெளியா? இரவுப் பாலூட்டலும் தாய்ப்பால் சுரப்பும்

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கென்ட், ஹார்ட்மன் முதலியோர் 2006இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் முடிவுகளில் ஒன்று, ஒரு நாளில் பாலூட்டிய தடவைகளின் எண்ணிக்கைக்கும் அந்நாளில் சுரந்த மொத்தப் பாலுக்கும் தொடர்பு இல்லை என்பது. இதைப் பற்றிக்கொண்டு, இரவில் ஒரு தடவையை விட்டுவிட்டால் சுரப்பு குறையாது என்று வாதிடும் போக்கு ஒன்று உண்டு. எதிர்த்தரப்பினரோ, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் பின்னிரவில் உயர்ந்திருப்பதைக் காட்டி, அந்நேரத்துப் பாலூட்டலே சுரப்புக்கு ஆணிவேர் என்பர். இரண்டும் பிழையான வாசிப்புகள் என்று கருதுகிறேன். சுரப்பின் வேகத்தை நிர்ணயிப்பதில் எண்ணிக்கையையும் கடிகாரத்தையும்விட, பால் எடுபடாமல் மார்பில் தேங்கி நிற்கும் இடைவெளிக்கே பெரும்பங்கு உண்டு.

முதலில், அந்த ஆய்வில் எண்ணப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளுக்கு, கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த 71 தாய்மார் அதில் பங்கேற்றனர். ஒவ்வொரு மார்பிலும் கொடுப்பதற்கு முன்பும் பின்பும் குழந்தையை எடைபோட்டு, 24 முதல் 28 மணி நேரம் குறித்துவைத்தனர். இரண்டு எடைகளின் வித்தியாசமே குழந்தை குடித்த பால். நம் வீடுகளில் இரு பக்கமும் மாற்றிக் கொடுத்தாலும் “ஒரு தடவை கொடுத்தேன்” என்போம். அங்கே அது இரண்டு. ஆய்வு தரும் சராசரியான 11 தடவைகளை இப்படித்தான் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு தடவையில் குடித்த அளவு 0 கிராமிலிருந்து 240 கிராம் வரை வேறுபட்டது என்பது. சப்பிவிட்டு உறங்கிப்போன குழந்தைக்கும் ஒரே மூச்சில் 240 கிராம் குடித்த குழந்தைக்கும் பட்டியலில் விழுவது ஒரே ஒரு கோடுதான். அளவில் இத்தனை ஏற்றத்தாழ்வு உள்ளவற்றின் வெறும் எண்ணிக்கை, மொத்தச் சுரப்போடு ஒட்டாமல் போனதில் வியப்பில்லை.

இரண்டாவது, அந்தத் தொடர்பின்மை தாய்க்கும் தாய்க்கும் இடையில் காணப்பட்டது. ஒரே தாயிடம் ஒரு தடவையைக் குறைத்துப் பார்த்த சோதனையின் விளைவன்று. மார்பில் பால் தங்கும் கொள்ளளவு தாய்க்குத் தாய் பன்மடங்கு வேறுபடும். கொள்ளளவு குறைந்தவரின் குழந்தை அடிக்கடி குடித்தும், நிறைந்தவரின் குழந்தை எப்போதாவது நிறையக் குடித்தும் ஏறத்தாழ ஒரே அளவைப் பெற முடியும். அந்த 71 வீடுகளில் கேட்டபோதெல்லாம் கொடுத்ததால், எண்ணிக்கை ஏற்கெனவே அவரவர் கொள்ளளவுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. எனவே, தொடர்பின்மை என்பது ஒழுங்காக நடக்கும் ஓர் ஏற்பாட்டின் அடையாளமே. 14 தடவை குடிக்கும் குழந்தையை 8 தடவைக்கு இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை தேடக்கூடாது. ஆய்வாசிரியர்களே சராசரிக்குள் யாரையும் அடைக்காமல், இரவும் பகலும் குழந்தை கேட்கும்போது கொடுக்கவே பரிந்துரைத்தனர்.

புரோலாக்டின் வாதத்துக்கும் இதே ஆய்வில் விடை உண்டு. இடது, வலது மார்புகள் ஒரே அளவு பால் தந்தது அரிது. இரண்டுக்கும் பாய்வது ஒரே இரத்தம். அதிலுள்ள புரோலாக்டினும் ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்குவது அந்தந்த மார்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும். புரோலாக்டின் இன்றிப் பால் இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1996இல் காக்ஸ், ஓவன்ஸ், ஹார்ட்மன் ஆகியோர் அளந்தபோது, இரத்தத்தில் அதன் அளவு பால் ஊறும் வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. வேகத்தோடு ஒத்துப்போனது எது என்பதை 1993இலேயே டேலியும் அவர் குழுவினரும் காட்டியிருந்தனர்: மார்பு எவ்வளவுக்குக் காலியானதோ அவ்வளவுக்கு விரைவாகப் பால் ஊறியது. இறைக்கிற கிணறு ஊறும் என்று நாம் சொல்லிவருவதன் அளவீடு அது.

இரவு முக்கியமாவது இந்த இடத்தில்தான். பலருக்கும் நாளின் மிக நீண்ட இடைவெளி இரவில் விழுகிறது. கொள்ளளவு குறைந்த தாய்க்கு நள்ளிரவிலேயே மார்பு நிறைந்து கல்லாகிவிடும். அதன்பின் விடியும்வரை சுரப்பு மந்தமாகவே நடக்கும். அது நாள்தோறும் தொடர்ந்தால் மொத்தச் சுரப்பும் இறங்க வாய்ப்புண்டு. கொள்ளளவு மிகுந்தவருக்கு அதே இடைவெளி பொருட்டே இல்லை.

எடைபோடும் முறையில் குழந்தையின் மூச்சிலும் தோலிலும் இழக்கும் நீர் கணக்கில் வராது என்பர். அது சிறு அளவு. எல்லாத் தடவைகளையும் ஒரே திசையில்தான் குறைக்கும். இரவில் குடிக்காத குழந்தைகளும் நன்றாக வளர்கின்றன என்பதும் மறுப்பாகாது. கொள்ளளவு பற்றிய விளக்கம் எதிர்பார்ப்பதே அது. ஒரு வரம்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு தொடங்குவது ஒரு மாதக் குழந்தைகளிலிருந்து. சுரப்பு நிலைபெறாத முதல் வாரங்களுக்கு இதை அப்படியே நீட்ட முடியாது.

“பால் போதவில்லை” என்று வரும் தாயிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்பதோடு நிறுத்துகிறோம். கடைசியாகக் கொடுத்ததற்கும் விடியலில் கொடுத்ததற்கும் இடையில் எத்தனை மணி நேரம், எழுந்தபோது மார்பு எப்படி இருந்தது என்பவை அடுத்த கேள்விகளாக வேண்டும். இரவுத் தடவையை அந்தத் தாய் விடலாமா என்பதற்கு, 71 பேரின் சராசரியைவிட அவருடைய பதிலே நம்பத்தக்க சான்று.