எம்பி3 பிளேயரும் பாடலாசிரியரின் பெயரும்

ஒரு பழைய எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் அங்கே இசை இருக்காது. சில சொற்கள் இருக்கும். தொடக்கத்தில் மூன்று எழுத்தாலான ஓர் அடையாளச் சொல், பின்னர் பாடலின் தலைப்புக்கு 30 இடங்கள், கலைஞரின் பெயருக்கு 30, ஆல்பத்தின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசைவகையைச் சுட்டும் எண்ணுக்கு 1. ஐடி3 எனப்படும் இந்தப் பெயர்ச்சீட்டை 1996இல் எரிக் கெம்ப் என்ற நிரலர் உருவாக்கினார். கையடக்க எம்பி3 பிளேயரின் சிறு திரையில் ஓடிய எழுத்துகள் பெரும்பாலும் இங்கிருந்தே வந்தன. இந்தச் சீட்டில் பாடலை எழுதியவருக்கென்று ஓரிடம் இல்லை. இந்தியத் திரையிசையின் அண்மைக்கால வரலாற்றை எழுத முனைவோர் இந்தச் சிறிய இன்மையைக் கடந்து செல்ல இயலாது.

எம்பி3 பிளேயரின் வரலாறு வழக்கமாகக் கொள்ளளவின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் உருவான சுருக்கமுறை, குறுந்தகட்டின் ஒலித்தரவை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவகம் 32 மெகாபைட். ஏறக்குறைய அரைமணி நேரப் பாடல்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ரியோ என்ற பிளேயரைத் தடைசெய்யக் கோரி ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2001 அக்டோபரில் ஐபாட் வந்தது: 5 ஜிகாபைட், ஆயிரம் பாடல்கள். இவையெல்லாம் பலரும் எழுதிவிட்ட செய்திகள். அந்த ஆயிரம் பாடல்கள் எந்தப் பெயரின் கீழ் அடுக்கப்பட்டன என்ற கேள்விதான் போதிய கவனம் பெறவில்லை.

ஐபாடின் முதல் பட்டியல் கலைஞர், பாடல், பயனரே தொகுத்துக்கொள்ளும் வரிசை என்ற பிரிவுகளைக் கொண்டிருந்தது. ஆல்பம், இசைவகை போன்றவை பின்னர்ச் சேர்ந்தன. இந்த அடுக்குமுறை எங்கோ பிறந்த இசைப் பழக்கத்தின் நகல். பாடுபவரே பாடலின் முகமாக விளங்கி, தம் பெயரில் ஆல்பம் வெளியிடும் மேற்கத்திய பாப் இசைக்கு அது பொருந்தும். ஐடி3 வகுத்த தொடக்க இசைவகைப் பட்டியலில் 80 வகைகள் இருந்தன. அவற்றில் போல்காவுக்குத் தனி எண் உண்டு. இந்தியச் செவ்வியல் இசைக்கு இல்லை; நாட்டார் இசைக்குக்கூட இடம் பிற்சேர்க்கையில்தான் கிடைத்தது. உலகின் எஞ்சிய பெரும்பகுதி ‘இனக்குழு இசை’ என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைபட்டது. இதில் யாருடைய சதியும் இல்லை. தமக்குப் பழக்கமான பாடல்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சிலர் செய்த ஏற்பாடு உலகப் பொதுவிதியாக மாறிவிட்டது என்பதே நடந்தது.

இந்தியத் திரைப்பாடலோ ஒரு பெயருக்குள் அடங்குவதன்று. படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்று குறைந்தது நான்கு பெயர்கள் அதற்கு வேண்டும்; திரையில் வாயசைத்த நடிகரையும் சேர்த்தால் ஐந்து. இவற்றுள் எதை முன்னிறுத்துவது என்ற பூசல் எம்பி3க்கு மிக முந்தையது. 1949இல் வெளியான ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் அதன் இசைத்தட்டில் அச்சாகியிருந்த பெயர் காமினி. அது மதுபாலா ஏற்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடகியே பெயரற்றிருந்த காலம் அது. 1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பின்னர் வேறொரு சிக்கல் எழுந்தது. படத்தின் பெயரை அறிவிப்பது இலவச விளம்பரமாகும் என்று கருதிய அகில இந்திய வானொலி, பாடகரின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றது. தயாரிப்பாளர்கள் தம் பாடல்களுக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றனர். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ அங்கு தொடங்கியதும் அதே 1952இல்தான். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தபோது திரைப்பாடல் அரசு வானொலிக்கு மீண்டது. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொரு பாடலுக்கும் முன்னுரை சொல்லும் மரபு இந்த ஒலிபரப்புகளில் வேரூன்றியது. பாடலைக் கேட்டுக் கடிதம் எழுதிய நேயர்களின் பெயர்கள்கூட வாசிக்கப்பட்டன. ஜும்ரி தலையா என்ற சிற்றூர் நாடெங்கும் அறியப்பட்டது அப்படித்தான்.

அச்சும் இந்த மரபுக்குத் துணைநின்றது. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடல் வரிகளோடு எழுதியவரின் பெயரும் இருந்தது. பின்னர் ஒலிநாடாப் பெட்டியின் உள்ளட்டையும் பொடி எழுத்திலேனும் அதைத் தாங்கிவந்தது. பதிவு நிலையங்களில் விருப்பப் பாடல்களைத் தொகுத்து வாங்கியவர்கள் உள்ளட்டையில் கையால் பட்டியல் எழுதிக்கொண்டனர். அந்தக் கைப்பட்டியல்களில் பாடலாசிரியர் ஏற்கெனவே அருகத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரது மறைவுக்கான பழி முழுவதையும் எம்பி3 மீது போடுவது நேர்மையாகாது.

எம்பி3 இந்தியாவுக்குள் ஐபாடின் வடிவில் பரவவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அடக்கிய எம்பி3 குறுந்தகடுகள், விரல் நீளத்தில் ஒற்றை மின்கலத்தால் இயங்கிய பெயரற்ற சீனப் பிளேயர்கள், இறுதியாகக் கைபேசிக்குள் செருகும் மெமரி கார்டு என்பதே பெரும்பான்மையோர் கண்ட வரிசை. ரீசார்ஜ் கடையில் கணினி வைத்திருப்பவர் சிறு தொகைக்குக் கார்டை நிரப்பித் தருவார். வாடிக்கையாளர் படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ சொல்வார். அல்லது ‘பழைய பாட்டு’, ‘சோகப் பாட்டு’, ‘சாமிப் பாட்டு’ என்பார். கடைக்காரர் கோப்புறையை அப்படியே இழுத்துப் போடுவார். பேருந்துப் பயணத்திலும் வயல்வரப்பிலும் இரவுக் காவலிலும் தறிக்கூடத்திலும் கேட்கப்பட்டவை இப்படி நிரம்பிய கார்டுகளே. வானொலியின் நேரக் கட்டுப்பாடு நீங்கியது. ஒலிநாடாவைப் போலப் பாடல் தேய்ந்து மங்கவில்லை. பிடித்த ஒன்றை நூறு முறை திரும்பக் கேட்க முடிந்தது. அந்தச் சுதந்திரத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. அதற்கான விலை பெயர்களில் கொடுக்கப்பட்டது.

எவ்வாறு என்பதை எழுத்தெண்ணிக் காட்டலாம். கலைஞருக்கான 30 இடங்களில் லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி என்ற இரு பெயர்களையும் ரோமன் எழுத்தில், ஒரு காற்புள்ளியும் உரிய இடைவெளிகளும் இட்டு எழுதினால் சரியாக முப்பதும் தீர்ந்துவிடும். மூன்றாவதாக ஒருவருக்கு அங்கே இடமில்லை. இந்திய எழுத்துகளின் நிலை இன்னும் மோசம். அந்தச் சீட்டு ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். மெய்யைக் காட்டும் புள்ளியும் தனிக்குறியாகவே கணக்கிடப்படும். ஆக ‘விஸ்வநாதன்’ என்ற சொல்லே முப்பது பைட்டுகளையும் நிரப்பிவிடுகிறது. ராமமூர்த்தி வெளியே நிற்க வேண்டியதுதான். அப்படியே எழுதினாலும் மலிவான பிளேயர்களின் திரை அதைக் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ காட்டியது. எனவே எல்லாப் பெயர்களும் ரோமன் எழுத்துக்குப் பெயர்ந்தன. ரஃபியின் பெயர் முழுமையாகவும் சுருக்கமாகவும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலிலும் பதிவாக, பிளேயர் ஒவ்வொன்றையும் வேறுவேறு ஆளாகக் கணக்கிட்டுப் பட்டியலிட்டது.

‘கலைஞர்’ என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்பதிலும் ஒருமை இல்லை. இந்திப் பாடல்களில் பெரும்பாலும் பாடகர், தமிழில் பல கோப்புகளில் இசையமைப்பாளர், சிலவற்றில் கதாநாயகன். பாடல்களை இலவசமாக வழங்கிய இணையதளங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று கலைஞர், ஆல்பம், குறிப்புரை என்ற எல்லாக் கட்டங்களிலும் தம் முகவரியையே எழுதிவைத்தன. திருட்டுப் பிரதியை விநியோகித்தவர் தம் பெயரைப் பாடலோடு பிணைத்துவிட்டார். பாட்டை எழுதியவருக்கு அது வாய்க்கவில்லை.

இந்திய இசை மரபில் பெயர் வேறுவிதமாகக் காக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். திருஞானசம்பந்தரின் பதிகங்கள் திருக்கடைக்காப்பு எனப்படும் நிறைவுப் பாடலில் பாடியவரின் பெயரைச் சொல்லி முடிகின்றன. கபீர், மீரா முதலியோரின் பாடல்களில் இறுதி அடிகளில் பெயர் முத்திரையாக வரும். கஸலின் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பதிப்பார். தியாகராஜர் தம் பெயரையும் முத்துசுவாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்ற சொல்லையும் கீர்த்தனைக்குள்ளேயே வைத்தனர். ஏட்டில் எழுதாமல் வாய்வழியாகக் கடத்தப்பட்டாலும், பாடுபவர் பாடலை முழுமையாகப் பாடும்வரை பெயர் உடன்வரும். அந்த முத்திரைகளும் பிறர் பெயரால் பாடியோரைத் தடுக்கவில்லை. கபீரின் பெயரில் வழங்கும் பாடல்களின் நம்பகத்தன்மை இன்றும் ஆய்வுச் சிக்கலே. எனினும் ஐடி3 சீட்டும் கோப்பின் கடைசியிலேயே ஒட்டப்பட்டது என்ற ஒற்றுமை கருதத்தக்கது. வேறுபாடு, பாட்டுக்குள் இருந்த பெயரை எடுக்கப் பாட்டையே சிதைக்க வேண்டும். கோப்பின் வாலில் இருந்த பெயரை ஒரு சொடுக்கில் மாற்றிவிடலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இதைத் தொழில்நுட்பத்தின் போதாமை என்று மட்டும் கருதுவதும் பிழை. 1998இல் வெளியான ஐடி3 இரண்டாம் வடிவில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன; 30 எழுத்து வரம்பு நீங்கியது; இந்திய எழுத்துகளை எழுதவும் வழி பிறந்தது. ஐபாடும் பின்னாளில் ‘இசையமைப்பாளர்’ என்ற பட்டியலைச் சேர்த்துக்கொண்டது. மொஸார்ட்டையும் பேத்தோவனையும் ‘கலைஞர்’ என்ற கட்டத்தில் தேட முடியாத மேற்கத்தியச் செவ்வியல் நேயருக்கு அது தேவைப்பட்டது. பாடலாசிரியர் பட்டியல் வரவில்லை. கட்டம் கோப்பில் இருந்தது, நிரப்புவோர் இல்லை. நிரப்பினாலும் காட்டும் திரை இல்லை. சாஹிர் லூதியான்வியையோ கண்ணதாசனையோ ஒரு வரிசையாகக் கேட்க விரும்பியவர், முன்பே தமக்குத் தெரிந்த பாடல்களைத் தாமே ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் உண்டு. தெரியாததைக் கண்டடைய அந்தக் கருவி வழிவிடவில்லை.

பெயர் மறைந்த அதே ஆண்டுகளில் உரிமைக்கான போராட்டம் நடந்தது என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான 1977ஆம் ஆண்டு வழக்கில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, ஊதியம் பெற்றுத் திரைப்படத்துக்காக உருவாக்கிய பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் மட்டும் இசைக் கலைஞர்களின் உரிமையைச் சட்டமியற்றுவோர் எண்ணிப் பார்க்க வேண்டுமெனத் தனிக்குறிப்பு எழுதினார். அந்த நிலை மாற 35 ஆண்டுகள் ஆயின. 2012இன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது தவிர்ந்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமப்பங்கு பெறும் உரிமையைக் கைமாற்ற இயலாததாக்கியது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். உரிமப்பங்கைப் பிரித்தளிக்க எந்தப் பாட்டை யார் எழுதினார் என்ற பதிவு வேண்டும். கோடிக்கணக்கான மெமரி கார்டுகளில் சுழன்றுகொண்டிருந்த கோப்புகளிலோ அந்தப் பதிவு இல்லை.

2017இல் சரிகம நிறுவனம் ‘கார்வான்’ என்ற பிளேயரை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றம், உள்ளே 5000 இந்திப் பாடல்கள், குமிழைத் திருப்பினால் வரிசை மாறும் அமைப்பு, கூடவே கீத்மாலா தொகுப்பு. முதியோருக்கான பரிசுப்பொருளாக அது பெற்ற வரவேற்பைப் பழமை ஏக்கம் என்று விளக்குவது எளிது; பாதி உண்மையும்கூட. ஆனால் அதன் வரிசைகள் பாடகரோடு நில்லாமல் இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களாலும் அமைந்தன. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் வழிவந்த நிறுவனம் என்பதால், இசைத்தட்டுக் காலம் தொட்டுத் திரண்ட பாடல் உடைமை அதனிடம் இருந்தது. பெயர்களை வரிசையாக்கும் வசதியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். தன் உடைமையில் இல்லாத பாடல்களை அது விட்டுவிட்டது. எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்ற தேர்வு நேயரிடமிருந்து நிறுவனத்துக்குத் திரும்பியது. பெயரும் தேர்வும் ஒருசேர நேயரின் கையில் இருந்த கருவி இந்த வரிசையில் எங்கும் தென்படவில்லை.

திரைப்பாடல்களின் நிலையாவது தேறக்கூடியது. இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் ஒலிநாடா உள்ளட்டையும் எங்கேனும் எஞ்சியிருக்கும். ஒப்பிட்டுப் பெயரை மீட்கலாம். அச்சே காணாமல், சிறுநகர ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவாகி நேரே மெமரி கார்டுக்குச் சென்ற போஜ்புரிப் பாடல்கள், கிராமத் தெய்வப் பாடல்கள், தொழிற்பாடல்கள் ஆகியவற்றுக்கு அந்த வழியில்லை. கார்டுகள் பழுதாகின்றன, கைபேசிகள் பழைய இரும்புக்குச் செல்கின்றன. களப்பணியில் இத்தகைய கார்டு ஒன்று கிடைத்தால், கோப்புகளின் பெயரையும் கோப்புறைகளின் பெயரையும் ‘சரிசெய்யாமல்’ அப்படியே படியெடுத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் பிழையாக எழுதிய பெயரும் ஒரு சான்று. அதன்பின் பாட்டை இறுதிவரை கேட்க வேண்டும். திரையில் ‘அறியப்படாத கலைஞர்’ என்று ஓடும் பாடல்கள் சிலவற்றில், எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் கடைசிச் சரணத்தில் சேர்த்துப் பாடியிருப்பார்.