36 வருஷம் தூங்கிய ரெனின்



மெக்கானிக்கல் படித்தவனுக்கு ரத்தக் கொதிப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் அப்பா. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடா மாத்திரை?" என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் இடது கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1898-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவரது மாணவர் பெர் பெர்க்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்கு ஊசியில் ஏற்றினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதற்குக் காரணமான பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். 1900-ல் டிகர்ஸ்டெட் ஹெல்சிங்கிக்குப் போய்விட்டார். கட்டுரை அலமாரியில் தூங்கியது.

1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சின்ன கிளாம்ப் போட்டு நெரித்தார். அழுத்தம் ஏறியது, இறங்கவில்லை. அதன் பிறகுதான் ரெனினை மறுபடி தேடினார்கள்.

நம் பாஷையில் இது ஃபீட்பேக் கன்ட்ரோல். மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடுவது மாதிரி, அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனினை விடுகிறது. அது ஈரல் தயாரிக்கும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. அந்தத் துண்டை இன்னொரு நொதி மறுபடி வெட்ட, ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது.

முதல் வெட்டையே தடுக்கலாமே என்றால், சோதித்துப் பார்க்கச் சுத்தமான மனித ரெனின் வேண்டும். உடம்பிலிருந்து கிடைப்பதோ துளியூண்டு. 1983-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மனித ரெனினின் மரபணு நகலைப் பிரித்துப் படித்தார்கள். பிறகு அந்த மரபணுவை வளர்ப்பு செல்களுக்குள் வைத்து, அவற்றையே ரெனின் தயாரிக்க வைத்தார்கள். அப்படிக் கிடைத்த ரெனினின் முப்பரிமாண அமைப்பு 1989-ல் வெளியானது. ரெனினை நேரடியாகத் தடுக்கும் அலிஸ்கிரென் 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முயல் சாற்றிலிருந்து மாத்திரை வரை 109 வருஷம்!

அப்பா சாப்பிடுவது இரண்டாவது வெட்டைத் தடுக்கும் பழைய எனலாப்ரில்தான். இப்போது அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார், வலது கையால்.

தம்பிகளே, லேபில் ஒரு ரீடிங் ஒத்து வரவில்லை என்று அடித்துவிடாதீர்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதி வையுங்கள். என் வகுப்புத் தோழர்களே, ரீயூனியன் விருந்தில் உட்காரும் முன் ஒரு முறை பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.