அர்பத்நாட் வழக்கு

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஃபர்ஸ்ட் லைன் பீச்சில் (இன்றைய ராஜாஜி சாலை) இயங்கிவந்த அர்பத்நாட் அண்ட் கோ என்ற ஆங்கிலேய நிறுவனம் 1906இல் திவாலானது. அதையொட்டி நடந்த நீதிமன்ற நடவடிக்கைகளே அர்பத்நாட் வழக்கு எனப்படுகின்றன. பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடி, இந்தியர்களே நடத்தும் ஒரு வங்கியைத் தொடங்கவும் முன்நின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் (1863–1911).

பாரி, பின்னி ஆகிய வணிக நிறுவனங்களுக்கு நிகராகப் பேசப்பட்ட அர்பத்நாட், ஏற்றுமதி இறக்குமதியோடு பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. ஆனால் அது ஒரு கூட்டு வணிகம்தான். கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பது பங்குதாரர்களுக்கு மட்டுமே தெரியும். பணம் போட்டவருக்கு அந்தப் பேரேட்டைப் பார்க்க வழியில்லை. கம்பெனியின் பெயரை நம்பித்தான் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இந்த வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் இருந்த பங்குதாரர் பேட்ரிக் மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பெரும் நட்டமடைந்து, 1906 அக்டோபர் 20 அன்று ரயில் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். 22ஆம் தேதி, திங்கட்கிழமை, சென்னை அலுவலகம் கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. சுமார் ஏழாயிரம் பேரின் பணம் அதில் முடங்கிப்போனது. வடசென்னையின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை நிர்வகித்த பின்னியும் இதே நெருக்கடியில் ஆட்டம் கண்டு, கைமாறித்தான் பிழைத்தது.

நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது மோசடி வழக்கு நடந்தது. அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 'சர்' பட்டம் பெற்ற வெள்ளைக்காரப் பிரமுகரைச் சென்னையிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தண்டித்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. ஆனாலும் தண்டனையால் யாருக்கும் போட்ட பணம் திரும்பி வந்துவிடவில்லை.

கிருஷ்ணசுவாமி ஐயர் இதை உணர்ந்திருந்தார் என்பதை அவர் காட்டிய வேகமே சொல்கிறது. கதவடைத்த பதினோராம் நாள், அதாவது நவம்பர் 2 அன்று, இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வெளியானது. சுதேசி உணர்வு பொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டுக்கோட்டை நகரத்தார் துணைநின்றார்கள். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று பாரி முனையில் இருந்த பாரி கட்டடத்தில் செயல்படத் தொடங்கியது. அர்பத்நாட் அலுவலகம் இருந்த இடமே பிற்பாடு அந்த வங்கியின் கைக்கு வந்தது. ஐயர் 1909இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

பணம் போட்டவர்களுக்கான சட்டப் பாதுகாப்போ மெதுவாகவே வந்தது. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் முழுமையான சட்டம் 1949இல்தான் வந்தது; டெபாசிட்டுக்கான காப்பீடு 1962இல் தொடங்கியது. இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபின், முதலீட்டாளர் நலனுக்கென 1997இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்று, பணம் போட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்க அதில் வழி இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு மட்டும் இந்த நிறுவனங்களில் போட்ட பணத்துக்குக் கிடையாது.