‘மாநீர்க்கழி’: ஒரு சொற்பொருள் ஆராய்ச்சி

திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் பதிகத்தில் பராங்குச நாயகி நாரை, அன்றில், கடல், வாடை, வானம், மதி, இருள் என்று ஒவ்வொன்றாக விளித்து வந்து, எட்டாம் பாசுரத்தில் மாநீர்க்கழியை விளிக்கிறாள். தன் விரஹமே இவற்றுக்கும் உண்டென்று கொண்டு, கண்டவை அனைத்தையும் ஸமதுக்கிகளாக எண்ணுதல் இப்பதிகத்துக்கு ஜீவன். எனவே அந்தந்தப் பொருளின் இயல்பு விளங்கினாலன்றி அந்தந்த விளியின் சுவை நில்லாது. நாரையும் மதியும் எவர்க்கும் தெரியும்; இடர் கழியில்தான்.

1806-இல் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்த கால்வாய், பின்னர் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. கொருக்குப்பேட்டை வழியே செல்லும் அதன் கரிய, தேங்கிய நீரை நாள்தோறும் காண்பவர் செவியில், இருள் நிறத்துக் கழி என்றவுடன் கழிவுநீரே தோன்றும். இது பாசுரத்துக்கு நேரும் ஹானி. கழிவு என்பது ‘கழி’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். மாநீர்க்கழியோ நெய்தல் நிலத்துப் பெயர்: கடல்நீர் நிலத்துள் புகுந்து பரந்து மீளும் உப்பங்கழி. மிகுதிப் பொருள்தரும் ‘கழி’ என்னும் உரிச்சொல்லும் இங்கே இயையாது. மிகுதியை ‘மா’ என்னும் அடையே சொல்லிவிட்டது.

கருமை எங்கிருந்து வந்தது? சங்கச் செய்யுட்களில் பயின்று வரும் ‘இருங்கழி’ என்னும் தொடரில் ‘இரு’ என்பதற்குப் பெருமையும் உண்டு, கருமையும் உண்டு. ஆழத்தால் வந்த கருமை அது, அழுக்கால் வந்ததன்று. பாசுரத்தின் ஈற்றில் வரும் ‘ஆழாந்து’ என்னும் சொல்லும் இதற்கு அரண். ஈடு பிறந்தது நம்பிள்ளை காலக்ஷேபம் ஸாதித்த திருவரங்கத்தில். அங்கே காவிரி உண்டு, கழி இல்லை. ஆயினும் நெய்தல் மரபறிந்த அக்காலத்துச் செவிகளுக்குக் கழி இன்னதென்று சொல்லவேண்டியிருந்திராது.

இனி, உறங்காமை. இராவும் பகலும் முடிந்தாலும் நீ உறங்குகிறிலை என்கிறாள் நாயகி. ஏரிக்கோ குளத்துக்கோ இது சொல்லத் தகாது. காற்றடங்கினால் அவை அடங்கும். கழியோ நாளுக்கு இருமுறை ஓதம் ஏற ஏறும், வற்ற வற்றும், நள்ளிரவிலும் நில்லாது. இந்த அலமரலையே, சகடம் உதைத்தவன் அருளில் வைத்த பெருநசையின் விளைவாக அவள் காண்கிறாள். ‘கழி’ சாக்கடையானால் இந்த ஹேது முழுதும் விழும்.

கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூரில் இவ்வேற்றமும் வற்றமும் இன்றும் காணக்கூடியவை. ஆயினும் முகத்துவாரத்தை மணல் தூர்க்குங்கால் ஓதம் உள்ளே வாராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கால்வாய் வழி வந்த எண்ணெய் இக்கழியில் பரந்தது. அப்போது நீர்மேல் தெரிந்த கருமை ஆழ்வார் அருளிச்செய்த கருமையன்று.