கைவிடப்பட்ட அதிகாரம்

1816ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், ஆங்கில நாட்டின் சாட்டன் என்னும் சிற்றூரில், ஜேன் ஆஸ்டின் தம் புதினமொன்றின் இறுதி அதிகாரத்தை எழுதி முடித்து, அடியில் நாளையும் குறித்தார். அப்போது அவருக்கு வயது 40. உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. எனினும் எழுதியது அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்று வாரங்களுக்குள், முடிவுக்கு முந்திய அதிகாரத்தை நீக்கிவிட்டு, அதனிடத்தில் புதிய அதிகாரங்கள் இரண்டை எழுதினார். ஆகஸ்டு 6ஆம் நாள் பணி நிறைவுற்றது. 1817 ஜூலை 18இல், முதல் முடிவை எழுதி வைத்து ஓராண்டு நிறைந்த அதே நாளில், வின்செஸ்டர் நகரில் அவர் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில், 1818 என்னும் ஆண்டுக் குறிப்புடன், 'பெர்சுவேஷன்' என்ற பெயரில் அந்நூல் வெளிவந்தது. பிறர் சொல்லி இணங்கச் செய்தல் என்பது அப்பெயரின் பொருள்.

நோயுற்ற ஒருவர், முடித்துவிட்ட நூலை மீண்டும் திறக்க வேண்டிய தேவை யாது? முறிந்த நம்பிக்கை எவ்வாறு மீள்கிறது என்ற வினாவிற்கு அவர் முதலில் எழுதிய விடை போதாதிருந்தது என்பதே நூலைப் படிப்போர்க்குப் புலனாகும் காரணம்.

அதற்கு முந்திய நூற்றாண்டின் காதற்கதைகளில் இடையூறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். கொடிய உறவினர், கடத்தல், மறைக்கப்பட்ட பிறப்பு ஆகியவையே காதலரைப் பிரிக்கும். 1748இல் நிறைவுற்ற ரிச்சர்ட்சனின் 'கிளாரிசா' நம்பிக்கைத் துரோகத்தை மிக ஆழமாகப் பேசிய நூலே. ஆயினும் வஞ்சிக்கப்பட்டவளுக்கு அங்கே சாவுதான் விடுதலை. அவள் உயிரோடிருந்து மீண்டும் ஒருவரை நம்புவது அந்நூலுக்குள் நினைக்கவும் இயலாதது.

ஆஸ்டினின் கதையில் கொடியவன் எவனும் காதலரைப் பிரிக்கவில்லை. 1806இல், 19 வயதுப் பெண் ஆன் எலியட், கடற்படையைச் சேர்ந்த பிரடெரிக் வென்ட்வொர்த்துக்கு மண உறுதி அளிக்கிறாள். அவனிடம் அப்போது பொருளில்லை. தன்மீதுள்ள நம்பிக்கை ஒன்றே உண்டு. 14 வயதில் தாயை இழந்த ஆனுக்குத் தாய்போல் நின்றவர் ரசல் சீமாட்டி. இம்மணம் நன்மை தராது என்று அவர் எடுத்துரைக்க, காதலனின் முன்னேற்றத்திற்கும் தான் தடையாகலாம் என அஞ்சி, ஆன் உறுதியை முறிக்கிறாள். எட்டாண்டுகள் செல்கின்றன. போரில் பகைவர் கப்பல்களைக் கைப்பற்றி 25,000 பவுன் ஈட்டிய கப்பல் தலைவனாக வென்ட்வொர்த் திரும்புகிறான். ஆஸ்டினின் உடன்பிறந்தார் இருவர் கடற்படையில் பணியாற்றியவர்கள். இவ்வுலகத்தை அவர் நன்கறிவார்.

மருதத் திணையின் ஊடலை அறிந்த தமிழ் மாணவர் இதனை ஊடல் எனக் கொள்ளலாகாது. ஊடலில் உறவு நிற்கிறது. இங்கோ உறவே அற்றுப்போயிற்று. ஆன் அடையாளம் காண இயலாதவாறு மாறிவிட்டாள் என்று வென்ட்வொர்த் சொன்ன சொல் அவள் செவிக்கே எட்டுகிறது. அவனோ, உறுதி படைத்த பெண்ணே தனக்கு வேண்டும் என்று கூறி, லூயிசா என்ற இளம்பெண்ணின் துணிவைப் புகழ்கிறான்.

இதன்பின் ஆஸ்டின் காட்டுபவை மிகச் சிறிய செயல்களே. நோயுற்ற சிறுவனைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆனின் முதுகில் மற்றொரு குழந்தை தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறது. வென்ட்வொர்த் வாய்பேசாது அதனை விலக்கித் தூக்கிச் செல்கிறான். அவள் நன்றிச் சொல்லைக் கேட்கவும் அவன் விரும்பவில்லை. மற்றொரு நாள், நெடுந்தொலைவு நடந்து களைத்தவளைத் தன் தமக்கையின் வண்டியில் ஏற்றிவிடுகிறான். அவனால் மன்னிக்கவும் முடியவில்லை; அவள் துன்புறுவதைப் பார்க்கவும் முடியவில்லை. லைம் துறைமுகத்தில், தடுத்தும் கேளாமல் படியிலிருந்து குதித்த லூயிசா உணர்விழந்து கிடக்கையில், கலங்காது நின்று செயற்படுபவள் ஆன் ஒருத்தியே. உறுதி வேறு, பிடிவாதம் வேறு என்பதை அவன் அங்கே கற்கிறான்.

இனிக் கைவிடப்பட்ட அதிகாரத்திற்கு வருவோம். ஆன் தன் உறவினன் எலியட்டை மணக்கப் போகிறாள் என்று ஒரு வதந்தி உண்டு. முதல் வடிவில், வென்ட்வொர்த்தின் தமக்கை கணவரான கடற்படைத் தளபதி, பாத் நகரில் தாம் தங்கியிருக்கும் வீட்டிற்கு ஆனை அழைத்துச் சென்று, வதந்தி உண்மையா என்று கேட்டறியும் பொறுப்பை மைத்துனனிடம் ஒப்படைக்கிறார். உண்மையன்று என்கிறாள் ஆன். உடனே இருவரும் ஒன்றுபடுகின்றனர். நகைச்சுவை உண்டு, ஆனால் எட்டாண்டுப் புண்ணை ஆற்ற மூன்றாமவர் ஒருவரின் ஏற்பாடு போதுமா?

திருத்திய வடிவில், பாத் நகர விடுதி ஒன்றில், ஆண் பெண் இருபாலாருள் எவர் அன்பு நிலைத்தது என்று ஹார்வில் என்ற கடற்படை நண்பரோடு ஆன் உரையாடுகிறாள். நூல்களெல்லாம் பெண்ணின் மனம் நிலையற்றது என்கின்றனவே என்கிறார் அவர். எழுதுகோல் ஆண்களின் கையில் இருந்ததால் அவை சான்றாகா என்று அவள் மறுக்கிறாள். அருகில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் இதனைக் கேட்டு, தன் உள்ளத்தைத் தாளில் எழுதி அவள்முன் வைத்துச் செல்கிறான். முதல் வடிவில் கேள்விக்கு மறுமொழி மட்டும் கூறியவள், இங்கே தானே பேசி அவனை அசைக்கிறாள்.

இணைந்தபின் இருவரும் கணக்குத் தீர்ப்பதும் உண்மையோடு அமைந்துள்ளது. தாயின் இடத்தில் நின்றவருக்குக் கட்டுப்பட்டது தவறன்று என்கிறாள் ஆன். அறிவுரை பிழையானது என்பதையும் மறுக்கவில்லை. 1808இலேயே அவன் கடிதம் எழுதியிருந்தால் ஏற்றிருப்பாயா என்று கேட்டு, அவள் விடையை அறிந்ததும், ஆறாண்டுகளைத் தன் செருக்கே வீணாக்கியது என அவன் உணர்கிறான். முறித்தவள் அவள், முறிந்ததை நீட்டித்தவன் அவன்.

1847இல் சார்லட் பிராண்டி வெளியிட்ட 'ஜேன் அயர்' இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. மனைவி உயிரோடிருப்பதை மறைத்தவனை விட்டு நீங்கும் ஜேன், தனக்கெனப் பொருள் பெற்றபின் தானே முடிவு செய்து அவனை நாடிச் செல்கிறாள். ஆற்றல்மிக்க நூல் அது. ஆயினும் அங்கே தடையை நீக்க ஒரு தீவிபத்து தேவைப்படுகிறது. ஆஸ்டினுக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது.

நீக்கிய அதிகாரத்தை ஆஸ்டின் குடும்பத்தார் பேணி வைத்தனர். 1871இல் அவருடைய தமையன் மகன் ஆஸ்டின் லீ, தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் இரண்டாம் பதிப்பில் அதனை அச்சிட்டார். ஆஸ்டின் எழுதி முடித்து அச்சேறிய புதினங்களின் கையெழுத்துப் படிகளில் எஞ்சியிருப்பது அப்பகுதி மட்டுமே. அடித்தல் திருத்தல்களோடு கூடிய அத்தாள்கள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.